உடம்பின் உட்பகை

பகைவர் இரு வகையினர். மதிற்புறத்தே படையோடு வந்து நிற்பவர் ஒரு வகையினர். நம் வீட்டிலே பிறந்து, நம் உணவையே உண்டு, நம்மவர் போலவே தோன்றி நின்று நம்மை அழிப்பவர் மற்றொரு வகையினர். பகையைப் பற்றி வேறு அதிகாரங்கள் வகுத்த திருவள்ளுவர், உட்பகைக்கென 89ஆம் அதிகாரத்தைத் தனியே வகுத்தது இவ்வேறுபாட்டை நன்குணர்ந்தமையாலன்றோ? வெளிப்பகையை வெல்லப் படைவலி போதும். உட்பகையை வெல்வதற்கோ முதலில் அதனை இனங்காண வேண்டும்.

நாட்டிற்கும் வீட்டிற்கும் பொருந்தும் இவ்வுண்மை நமது உடம்பிற்கும் பொருந்தும். உடம்பு கோடானுகோடி கலங்களால் ஆயது. அவற்றுக்குக் காவலாக வெண்குருதிக் கலங்கள் குருதியிலும் நிணநீரிலும் இரவுபகலாக உலாவுகின்றன. நெருப்புக் காய்ச்சலை உண்டாக்கும் பற்றீரியா வெளிப்பகை. அதனை இனங்காண்பது அத்துணை அரிதன்று. வைரசு புகுந்த கலமோ பகைவன் கைப்பட்ட நம் வீடு. புற்றுநோய்க் கலம் அதனினும் கொடிது. அது நம் உடம்பிலே பிறந்த கலம். தன் ஒழுங்கை மறந்து, தன் விருப்பம்போற் பெருகத் தொடங்கிய கலம். இத்தகைய பகைவனை உடம்பின் காவற்படை அறியுமா? அறியுமாயின் ஏன் தோற்கின்றது? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண அறிஞருக்கு நூறாண்டுக்கு மேல் வேண்டியிருந்தது. அவ்வரலாற்றைச் சுருக்கிக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நியூயோர்க் வைத்தியரின் துணிவு

1890ஆம் ஆண்டிலே நியூயோர்க் நகரில் வில்லியம் கோலி என்னும் இளம் சத்திரவைத்தியர் ஒருவர் இருந்தார். பதினேழு வயதுப் பெண்ணொருத்தி கையில் எலும்புப் புற்றுநோயுடன் அவரிடம் வந்தாள். கையை வெட்டியும் பயனில்லை. 1891இன் தொடக்கத்திலே அவள் இறந்தாள். அம்மரணம் கோலியின் மனத்தை வருத்தியது. வைத்தியசாலையின் பழைய ஏடுகளைப் புரட்டினார். கழுத்திலே புற்றுநோய்க் கட்டியோடிருந்த ஒருவருக்கு, தோல் சிவந்து வீங்கிக் கடுங்காய்ச்சலை எழுப்பும் எரிசிப்பெலசு என்னும் தொற்றுநோய் கண்டதையும், காய்ச்சல் தணிந்தபோது கட்டியும் கரைந்து போனதையும் அவ்வேடொன்று கூறிற்று. கோலி அம்மனிதரைத் தேடிச் சென்று, ஏழாண்டுகள் கழிந்த பின்னும் அவர் நலமாயிருக்கக் கண்டார்.

அதே ஆண்டில், அறுக்கவியலாத கட்டியுடைய நோயாளி ஒருவருக்கு அந்நோயின் பற்றீரியாவையே ஊசிமூலம் ஏற்றத் துணிந்தார். பின்னர் உயிருள்ள பற்றீரியாவை விடுத்து, கொன்ற பற்றீரியாக் கலவையைப் பயன்படுத்தினார். சிலருக்குக் கட்டி கரைந்தது, பலருக்குக் கரையவில்லை. ஏன் கரைந்தது என்பதை விளக்க அவராலும் இயலவில்லை. அக்காலத்திலே எக்ஸ்கதிர்ச் சிகிச்சை தோன்றியதனால் வைத்திய உலகம் அதன்பாற் சாய்ந்தது. 1936இல் கோலி இறந்தபோது அவரது முறை பெரும்பாலும் கைவிடப்பட்டிருந்தது. உறங்கிக் கிடந்த காவற்படையை வேறொரு பகைவனைக் காட்டி எழுப்பினார் என இன்று நாம் கூறுகின்றோம்; அன்று அவ்வாறு கூறுதற்கு ஆதாரம் இல்லை.

எண்ணம் பிறந்து, மங்கி, மீண்டும் எழுந்தது

ஜேர்மனியைச் சேர்ந்த பேரறிஞர் போல் ஏர்லிக் 1908இல் நோபல் பரிசு பெற்றவர். நெறி பிறழ்ந்த கலங்கள் உடம்பில் அடிக்கடி தோன்றுகின்றன என்றும், உடம்பின் காவல் அவற்றை அடக்கி வைத்திராவிடின் புற்றுநோய் அச்சந்தரும் அளவிற்குப் பெருகியிருக்கும் என்றும் 1909இல் அவர் எழுதினார். கருத்து அழகியது, ஆயினும் சோதித்துப் பார்க்க வழி இல்லை.

ஒரு சுண்டெலியின் கட்டியை எடுத்து வேறொரு சுண்டெலியில் ஒட்டினால், அது அக்கட்டியை ஒதுக்கிவிடுவதைப் பலர் கண்டனர். புற்றுநோயை உடம்பு எதிர்க்கிறது என்பதற்கு இதுவே சான்று என மகிழ்ந்தனர். ஆனால் நோயற்ற தோலை ஒட்டினாலும் அச்சுண்டெலி அவ்வாறே ஒதுக்குகின்றது என்பது பின்னர் விளங்கிற்று. அது பிறர் உடம்பை எதிர்த்ததேயன்றிப் புற்றுநோயை எதிர்த்ததன்று. மகிழ்ச்சி மங்கியது.

ஒரே குலத்தில் நெடுங்காலம் இனம்பெருக்கி, இரட்டைப் பிள்ளைகள் போல் ஒத்த சுண்டெலிகளை உண்டாக்கிய பின்னரே ஐயம் நீங்கியது. 1957இல் அமெரிக்காவில் றிச்மண்ட் பிறென், ஜோன் மெயின் என்னும் இருவர் அத்தகைய சுண்டெலிகளிலே இரசாயனப் பொருளொன்றினாற் கட்டிகளை விளைவித்தனர். ஒரு கட்டியை முன்னரே அறிந்து பழகிய சுண்டெலி, அதே கட்டியை மீண்டும் ஒட்டியபோது ஒதுக்கியது. கட்டி தோன்றிய சுண்டெலியின் தோலையோ ஒதுக்காது ஏற்றது. ஆகவே, கட்டியிலே உடம்பு அந்நியமெனக் காணும் அடையாளம் ஏதோ உண்டு என்பது உறுதியாயிற்று.

அதே 1957இல் அவுஸ்திரேலிய அறிஞர் மக்பாலன் பேர்னற் ஏர்லிக்கின் எண்ணத்தைப் புதுப்பித்தார். அமெரிக்க வைத்தியர் லூயிஸ் தோமசும் 1959இல் அத்தகைய கருத்தை வெளியிட்டார். காவற் கலங்கள் உடம்பெங்கும் சுற்றிவந்து, புற்றாக மாறும் கலங்களை முளையிலேயே கிள்ளுகின்றன என்பதே அக்கொள்கை. நிர்ப்பீடனக் கண்காணிப்பு என அது பெயர் பெற்றது.

1974ஆம் ஆண்டின் தீர்ப்பு

இதற்கிடையில், 1961இல் லண்டனில் ஆய்வு செய்த ஜாக் மில்லர், நெஞ்சின் மேற்பகுதியிலுள்ள தைமசு என்னும் சுரப்பியிலேயே முக்கியமான காவற் கலங்கள் பயிற்சி பெறுகின்றன எனக் காட்டினார். அச்சுரப்பியின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்தைக் கொண்டு அவை ரீ-கலங்கள் எனப்படும். பிறவியிலேயே இச்சுரப்பி அற்ற, உரோமமில்லாத சுண்டெலிக் குலமொன்றும் ஆராய்ச்சியாளர் கைக்கு வந்தது.

கண்காணிப்புக் கொள்கை மெய்யாயின், காவலற்ற இச்சுண்டெலிகளிற் புற்றுநோய் மிகுதியாகத் தோன்ற வேண்டுமன்றோ? ஒசியாஸ் ஸ்ரட்மன் என்பவர் இதனைச் சோதித்து 1974இல் முடிவை வெளியிட்டார். உரோமமில்லாச் சுண்டெலியிலும் ஏனைய சுண்டெலியிலும் கட்டிகள் ஏறக்குறைய ஒரே அளவிலேயே தோன்றின. சோதனை நேர்மையாகச் செய்யப்பட்டது, முடிவும் தெளிவாயிருந்தது. கண்காணிப்புக் கொள்கை பொய்யெனப் பெரும்பாலோர் தீர்ப்பளித்தனர். ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அத்துறையைத் தேடி வந்த இளைஞர் சிலரே.

அச்சுண்டெலிகள் முற்றாகக் காவலற்றவை அல்ல என்பது பின்னரே தெரிந்தது. அவற்றில் ரீ-கலங்கள் சிறிதளவேனும் இருந்தன. இயற்கைக் கொல்லிக் கலம் என்னும் வேறொரு காவலும் அவற்றில் இருந்தது. 1975இலேயே உலகம் அதனை அறிந்தது. கோட்டையில் இரண்டாம் வாயிற்காவலன் ஒருவன் நிற்பதை அறியாமல், காவலே இல்லாத கோட்டை என எண்ணியதை ஒத்தது இது.

வாயிலில் வைக்கும் தட்டம்

காவற்படை பகைவனை எவ்வாறு அறிகின்றது? 1974இல் கன்பராவிலிருந்து பீற்றர் டொகேட்டி, றோல்வ் சிங்கர்நாகல் என்னும் இருவர் இதற்கு விடை கூறினர். 1996இல் நோபல் பரிசும் பெற்றனர். அவர்களும் அவர்கள் பின்வந்தோரும் கண்ட உண்மையை ஓர் உவமையாற் கூறலாம். ஓர் ஊரிலே ஒவ்வொரு வீட்டாரும் அன்றன்று சமைத்தவற்றிற் சிறிது சிறிது எடுத்து, ஒரு தட்டத்தில் வைத்து வாயிலிலே காட்ட வேண்டும் என்பது கட்டளை என வைத்துக்கொள்வோம். காவலன் வீட்டினுள் நுழைவதில்லை. தட்டத்தைப் பார்த்தே செல்வான். வழக்கமான உணவாயின் வாளாவிருப்பான். அந்நியமான ஒன்று கண்டால் அவ்வீட்டையே அழிப்பான். கலங்களும் இவ்வாறே, தம்முள்ளே உண்டாகும் புரதங்களின் துணுக்குகளை ஒருவகைத் தாங்கு புரதத்தில் ஏந்தி மேற்புறத்திற் காட்டுகின்றன. வைரசு புகுந்திருப்பின் வைரசின் துணுக்கும், பரம்பரையலகு விகாரமடைந்திருப்பின் அவ்விகாரப் புரதத்தின் துணுக்கும் தட்டத்தில் தோன்றும். ரீ-கலம் அதனைக் கண்டு அக்கலத்தைக் கொல்லும்.

இவ்வழி தெரிந்தபின், தப்பும் வழியும் எளிதில் விளங்கும். தட்டத்தை மறைத்துவிட்டால் காவலன் எதைப் பார்ப்பான்? உதட்டிலே கொப்புளம் எழுப்பும் ஹேர்ப்பிசு வைரசு, துணுக்குகளைத் தட்டத்திற்குக் கொண்டுசெல்லும் வாயிலை அடைக்கும் புரதமொன்றை ஆக்குகின்றது என 1990களின் நடுப்பகுதியிற் கண்டனர். சைற்றோமெகலோ வைரசோ, ஆக்கப்பட்ட தட்டத்தையே இழுத்துச் சிதைக்கின்றது. புற்றுநோய்க் கலங்களுள்ளும் பல, தட்டத்தைத் தாங்கும் சிறு புரதத்தின் பரம்பரையலகை இழந்து, வெறும் வாயிலோடு நிற்கின்றன.

இயற்கை இதற்கும் ஒரு மாற்று வைத்திருந்தது. சுவீடன் நாட்டு அறிஞர் கிளாஸ் கேர முதலியோர் 1986இல் வெளியிட்ட சோதனையில், தட்டத்தை இழந்த புற்றுக் கலங்களையே சுண்டெலிகள் ஒதுக்கின; தட்டமுள்ளவை வளர்ந்தன. நாம் முன்னர்க் குறிப்பிட்ட இரண்டாம் வாயிற்காவலனாகிய இயற்கைக் கொல்லிக் கலத்தின் தொழில் இதுவே. தட்டத்தில் என்ன இருக்கிறது என அது கேட்பதில்லை. தட்டமே இல்லாத வீட்டை அழிக்கின்றது. ஆயின், சைற்றோமெகலோ வைரசு இதற்கும் விடை தேடியுள்ளது. பெருந்தட்டங்களைச் சிதைத்துவிட்டு, கொல்லிக் கலத்தைச் சமாதானப்படுத்தும் சிறு தட்டம் ஒன்றை மட்டும் வாயிலில் நிறுத்துகின்றது! அறிவில்லாத நுண்பொருளுக்கு இச்சூழ்ச்சியைக் கற்பித்தவர் யார்? ஒருவரும் கற்பிக்கவில்லை. எண்ணிறந்த தலைமுறைகளிலே காவலனிடம் அகப்பட்டவை அழிந்தன. அகப்படாதவை மிஞ்சிப் பெருகின. அதுவே ஆசிரியன்.

தட்டத்தை மறைத்தலின் கொடுமையைத் தஸ்மானியாத் தீவு உலகிற்குக் காட்டியது. தஸ்மானியப் பேய் எனப்படும் விலங்கின் முகத்திற் பெருங்கட்டிகள் தோன்றுவது 1996இல் முதன்முறையாகக் காணப்பட்டது. ஒன்றையொன்று கடிக்கும்போது புற்றுக் கலமே ஒரு விலங்கிலிருந்து மற்றொன்றிற் புகுந்து வளர்கின்றது என 2006இல் அறிந்தனர். பிறர் உடம்பின் கலத்தை உடம்பு ஒதுக்க வேண்டுமே. இது ஏன் ஒதுக்கப்படவில்லை? அக்கலங்கள் தம் மேற்புறத்திலே தட்டங்களைக் காட்டுவதில்லை என 2013இல் விடை கிடைத்தது. தட்டத்தை ஆக்கும் பரம்பரையலகு கெட்டுப்போகவில்லை, மூடப்பட்டே இருந்தது. அவ்விலங்கினம் பெருமளவில் அழிந்து, இன்று காப்பாற்றப்பட வேண்டிய நிலையிலுள்ளது.

காவலே பகைவனை வடித்தெடுத்தல்

1974இன் தீர்ப்பு 2001இல் மாறியது. அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரில் றொபேட் ஷ்றைபரும் அவர் குழுவினரும், ரீ-கலமும் பிறபொருளெதிரியை ஆக்கும் கலமும் முற்றாக இல்லாத சுண்டெலிகளை எடுத்தனர். அவற்றிற் கட்டிகள் மிகுதியாகவே தோன்றின. ஏர்லிக்கும் பேர்னற்றும் கூறியது வீண்போகவில்லை. ஆயினும் அச்சோதனையின் மற்றொரு பகுதியே ஆழ்ந்த பொருளுடையது. காவலற்ற சுண்டெலியில் வளர்ந்த கட்டிகளைக் காவலுள்ள சுண்டெலிக்கு மாற்றியபோது அவற்றுட் பல ஒதுக்கப்பட்டன. காவலுள்ள சுண்டெலியில் வளர்ந்த கட்டிகளோ மாற்றிய இடத்திலும் தடையின்றி வளர்ந்தன.

இதன் பொருள் யாது? காவலின் கண்முன்னே வளர்ந்த கட்டி, காவலுக்குத் தப்பப் பழகிய கட்டி. எளிதில் அகப்படும் கலங்களைக் காவற்படை அழிக்க, அகப்படாத சில மிஞ்சுகின்றன. அவற்றின் வழித்தோன்றல்களே நோயாக வெளிப்படுகின்றன. வைத்தியர் கண்ணுக்குத் தெரியும் புற்றுநோய், நெடுநாட் போரில் வென்று வந்த பகைவன். அழித்தல், சமநிலை, தப்புதல் என இப்போரை மூன்று கட்டங்களாக வகுத்தனர்.

நடுவிலுள்ள சமநிலை ஆண்டுக்கணக்காகவும் நீளக்கூடும். ஸ்கொத்லாந்து வைத்தியர் 2003இல் வெளியிட்ட செய்தி இதற்குச் சான்று. ஒருவருக்கு மெலனோமா என்னும் தோற்புற்றுநோய் கண்டு, நீக்கப்பட்டு, குணமானவர் எனக் கருதப்பட்டார். பதினாறு ஆண்டுகள் கழித்து வேறு காரணத்தால் அவர் இறக்க, அவரது சிறுநீரகங்கள் இருவருக்குப் பொருத்தப்பட்டன. பொருத்திய உறுப்பு ஒதுக்கப்படாதிருக்க அவ்விருவரின் காவற்படையும் மருந்தால் அடக்கப்பட்டிருந்தது. இருவருக்கும் அதே மெலனோமா தோன்றியது! பதினாறு ஆண்டுகள் அக்கலங்கள் இறந்திருக்கவில்லை; காவலுக்கு அஞ்சி அடங்கிக் கிடந்தன.

கடிவாளத்தைப் பற்றும் சூழ்ச்சி

இனி, சூழ்ச்சிகளிற் கொடியதைக் கூறுவோம். காவற்படைக்கு வேகம் மட்டும் இருந்தாற் போதாது, கடிவாளமும் வேண்டும். பகைவன் அழிந்த பின்னும் ஓயாத படை தன் நாட்டையே கொள்ளையிடும். ஆகவே ரீ-கலத்தின் மேற்புறத்திற் சில கடிவாளப் புரதங்கள் உள்ளன. சீ.ரி.எல்.ஏ.-4 என்னும் புரதம் அவற்றுள் ஒன்று. அப்புரதமில்லாத சுண்டெலிகள் தம் காவற்படையாலேயே தாக்கப்பட்டுச் சில வாரங்களில் இறக்கின்றன என 1995இற் கண்டனர்.

அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் அலிசன் சிறுவராயிருக்கையிலேயே தம் தாயைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அக்கடிவாளத்தைச் சிறிது நேரம் தளர்த்தினால் என்ன என அவர் எண்ணினார். அதனை மறைக்கும் பிறபொருளெதிரியைச் சுண்டெலிகளுக்கு ஏற்ற, கட்டிகள் கரைந்தன. 1996இல் இது வெளியாயிற்று. மனிதர்க்கான மருந்து பரவிய மெலனோமா நோயாளரிடையே சோதிக்கப்பட்டு, அதன் முடிவு 2010இல் வெளியானது. ஒப்பீட்டுக் குழுவினரின் இடைநிலை வாழ்நாள் 6.4 மாதம், இம்மருந்து பெற்றோருக்கு 10 மாதம். சிறிய வேற்றுமை எனத் தோன்றலாம். ஆனால் அந்நிலையிலுள்ள மெலனோமாவில் வாழ்நாளை நீட்டியதாக நிறுவப்பட்ட முதல் மருந்து அதுவே. மேலும், ஒரு சிலர் ஆண்டுக்கணக்காக வாழ்ந்தனர்.

யப்பானின் கியோத்தோ நகரில் தசுக்கு ஹொஞ்சோவின் ஆய்வுகூடம் 1992இல் பீ.டி.-1 என்னும் வேறொரு புரதத்தைக் கண்டிருந்தது. கலங்களின் மரணத்தோடு தொடர்புடையது எனக் கருதியே அப்பெயரிட்டனர். பின்னர் அதுவும் ஒரு கடிவாளம் எனத் தெரிந்தது. அக்கடிவாளத்தை இழுக்கும் கைபோன்ற புரதத்தைப் புற்றுநோய்க் கலங்கள் தம் மேற்புறத்திலே நிறைத்து வைத்திருக்கின்றன என்பது 2002இல் வெளிப்பட்டது. சீனாவிற் பிறந்து அமெரிக்காவிற் பணியாற்றிய லீபிங் சென் என்பாருக்கும் இக்கண்டுபிடிப்பில் பெரும் பங்குண்டு. அந்தோ! தன்னைக் கொல்ல வந்த காவலனின் கடிவாளத்தையே பற்றி, அவனை அசையாது நிறுத்துகின்றான் பகைவன். காவலனுக்கு வலிமையும் உண்டு. பகைவனை அடையாளமும் கண்டான். ஆயினும் கை எழவில்லை.

அக்கையை விலக்கும் மருந்துகள் 2014இல் யப்பானிலும் அமெரிக்காவிலும் அங்கீகாரம் பெற்றன. மெலனோமா ஈரலுக்கும் மூளைக்கும் பரவியிருப்பதாக 2015 ஓகஸ்டில் அறிவித்த முன்னாள் அமெரிக்க ஜனாதிபதி ஜிமி கார்ட்டர், சத்திரசிகிச்சையோடும் கதிர்ச் சிகிச்சையோடும் இம்மருந்தையும் பெற்றார். அவ்வாண்டு டிசம்பரில், நோயின் அறிகுறி காணப்படவில்லை என அவரே அறிவித்தார். தமது 100ஆம் வயதில், 2024இல் காலமானார். அலிசனும் ஹொஞ்சோவும் 2018இல் நோபல் பரிசு பெற்றனர். காவற்படையை அடக்கியாளும் தனிவகை ரீ-கலங்களை 1995இல் விளக்கிய யப்பானிய அறிஞர் சிமோன் சக்காகுச்சி, அமெரிக்கர் இருவருடன் 2025இல் அப்பரிசைப் பெற்றார். அத்தகைய கலங்களையும் தம்மைச் சூழ நிறுத்திக்கொள்ளும் கட்டிகள் உள.

வரலாறு தரும் படிப்பினை

இம்மருந்துகள் எல்லாருக்கும் பயன்படுவன அல்ல. பல நோயாளரிடத்து அவை பலிப்பதில்லை. தளர்ந்த கடிவாளத்தால் காவற்படை குடலையும் சுரப்பிகளையும் நுரையீரலையும் தாக்குவதும் உண்டு. மருந்து வென்ற பின்னர்த் தட்டத்தை இழந்து மீண்டும் எழும் கட்டிகளும் உள. போர் முடியவில்லை, ஆயினும் பகைவனின் வழிகளிற் சிலவற்றை நாம் அறிவோம்.

இளைஞர் அன்பர்கள் இவ்வரலாற்றிற் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. கோலி கண்டது மெய். அவரிடம் விளக்கம் இல்லாமையால் அது மறக்கப்பட்டது. ஸ்ரட்மன் கண்டதும் மெய். அதற்குரிய எல்லையைக் கடந்து பொருள் கொண்டமையால் ஒரு துறையே வாடியது. சான்று இல்லை என்பது வேறு, பொய் என நிறுவப்பட்டது என்பது வேறு. இவ்விரண்டையும் பகுத்தறிவதே கல்வியின் பயன்.

மூத்தோருக்கும் இளையோருக்கும் பொதுவாக மற்றொன்றும் உண்டு. தப்பப் பழகிய பகைவனோடு போராடுவதிலும், அவன் பிறவாது தடுப்பது எளிது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை விளைவிக்கும் பப்பிலோமா வைரசு, குருதியிற் கலவாது மேற்றோலிலேயே ஒளிந்திருந்து காவலை ஏமாற்றுவது. அதனை முன்கூட்டியே காவற்படைக்கு அறிமுகஞ் செய்யும் தடுப்பூசி, 2017இல் நம் நாட்டின் தேசிய தடுப்பூசித் திட்டத்திற் சேர்க்கப்பட்டு, 6ஆந் தரத்து மாணவிகளுக்கு வழங்கப்பட்டது. பெற்றோர் தயங்காது தம் பெண்பிள்ளைகளுக்கு அதனைப் பெற்றுக்கொடுத்தல் கடன். இலங்கை ஆடவரிடையே மிகுந்து காணப்படும் புற்றுநோய்களுள் வாய்ப்புற்றுநோய் ஒன்று. புகையிலை மட்டுமன்றிப் பாக்கும் புற்றுநோயை விளைப்பது என உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் வகுத்துள்ளது. வெற்றிலையும் பாக்கும் பூசைக்கும் மங்கல காரியங்களுக்கும் உரியனவாய் நம்மிடையே என்றும் நிற்கட்டும். அவற்றை நாள்தோறும் மெல்லும் வழக்கம் வேண்டா. ஒவ்வொரு நாளும் வாயிற் புண்படும் கலங்களுள் ஒன்று நெறி பிறழலாம். பிறழ்ந்தவற்றுள் ஒன்று தப்பக் கற்கலாம்.

உடம்பை ஆலயமாகப் போற்றுவது நம் சமய மரபு. கருவறையைக் காப்பவர் வெளிவாயிலை மட்டும் பூட்டிவிட்டு உறங்குவதில்லை. உள்ளே எரியும் விளக்கையும் அடிக்கடி பார்த்துக்கொள்வர். நம் உடம்பையும் அவ்வாறே காப்போமாக.